மெல்ல, அதுக்கு வலிக்கும்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மரியாதையால் அல்ல. பெயரைப் போட்டால், இன்றைக்கும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற நாலு பேர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அவர்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை. அவர் என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான். அதுவரை தெரிந்தால் போதும்.

கொச்சியில் மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் போகும் வழியில், சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கிய ஒரு கோடவுனின் கீழ்த்தளத்தில் அத்தான் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மாடியில் குடித்தனம். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கத்திலேயே அந்த மாதிரிக் கடை அது ஒன்றுதான். நின்றுகொண்டு ஆடும் பெரிய மெஷின் நாலு, டிவியில் மாட்டிய சின்னது ஆறு. கோடவுனிலிருந்து நாள் பூராவும் மிளகுத் தூசி இறங்கும். ஆடுகிறவன் தும்முவான், மெஷின் மக்கர் பண்ணும். தும்முகிறவனைப் பற்றி அத்தானுக்குக் கவலை கிடையாது. மெஷினைத்தான் தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துத் துடைத்து மூடுவார். வியர்வை படக்கூடாதென்று கைக்கு முதலில் பவுடர் போட்டுக்கொள்வார். நீளமான விரல்கள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருக்கும். எனக்குப் பதினைந்து வயது, அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான். அந்தக் கடையில் ஆடிய ஒரே பெண்பிள்ளை நான், அதுவும் ஓனரின் கொழுந்தி என்பதால்.

அத்தானுக்கு ஒரு வாடிக்கைப் பேச்சு உண்டு. யாராவது தோற்ற கடுப்பில் மெஷினை ஓங்கித் தட்டினால், மலையாளத்தில் இதமாகச் சொல்வார்: "பதுக்கெ சேட்டா, அதினு வேதனிக்கும்." எங்களிடம் தமிழில், "மெல்ல, அதுக்கு வலிக்கும்." முதல் தடவை அவ்வளவுதான். இரண்டாவது தடவைக்கு வாய் வேலை செய்யாது.

ஒரு சுமட்டுத் தொழிலாளி வருவார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள், கோடவுன் மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டுவார். ஒருநாள் கடைசிக் கட்டத்தில் தோற்றுப்போய் மெஷின் நெற்றியில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தார். அத்தான் இதமாகச் சொன்னார். மறுபடி ஆடி, மறுபடி தோற்று, மறுபடி வைத்தார். அத்தான் எழுந்து போய், அந்த ஆளின் பின்னந்தலை முடியைப் பிடித்து, முகத்தை மேஜையின் இரும்பு விளிம்பில் மோதினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. புருவம் கிழிந்து ரத்தம் மெஷின் கண்ணாடியில் தெறித்தது. அந்த ஆள் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும்போது அத்தான் பஞ்சை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். மூலைமுடுக்கெல்லாம் துடைத்து முடித்த பிறகுதான் அவருக்கு ஒரு துணி கொடுத்தார்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை. வீட்டுக்கு வந்து, முடியைப் பிடிப்பது, மோதுவது, துடைப்பது என்று எல்லாவற்றையும் அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கார்ப்பரேஷன் வேலை முடிந்து வந்த அப்பா, "ஆம்பளன்னா அப்பிடித்தான், தன் சாமான தான்தான காக்கணும்," என்று மருமகனுக்குச் சான்றிதழ் கொடுத்தார். அந்தச் சுமட்டுத் தொழிலாளி அடுத்த வாரமே புருவத்தில் தையலோடு வந்து, பூப்போல ஆடிவிட்டுப் போனார்.

அக்காவை அத்தான் அடித்து நான் முதலில் பார்த்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. அக்கா மாடியிலிருந்து சாயா கொண்டுவந்தாள். மேஜையில் இடமில்லை, ஒரு மெஷின் தலையில் டம்ளரை வைத்தாள். அறை விழுந்த சத்தத்தில் ஆடிக்கொண்டிருந்த ஐந்து பேரும் திரும்பினார்கள். அக்காவின் காதோரம் விரல் தடம் நாலும் சிவந்து எழும்பியது. ஒரு சொட்டுச் சாயா கூடச் சிந்தியிருக்கவில்லை. அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அத்தான் என்னைப் பார்த்து, "ஷாக் அடிச்சிருந்தா என்ன ஆவும், சொல்லு," என்றார். நானும் தலையாட்டினேன். யாராவது மெஷின் மேல் டம்ளரை வைப்பார்களா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு ஆரம்பித்த தலையாட்டலை எட்டு ஒன்பது வருஷம் ஆட்டினேன்.

பிறகு காலம் மாறியது. எல்லார் வீட்டிலும் டிவி கேம் வந்தது, கடைக்கு ஆள் குறைந்தது. அத்தான் முன்பக்கத்தைப் பிரௌசிங் சென்டராக மாற்றிவிட்டு, பழைய மெஷின்களைப் பின்னறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். எனக்கு எர்ணாகுளத்தில் ஒரு ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. காலையில் படகு, சாயங்காலம் படகு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து பிரௌசிங் சென்டரில் போய் உட்காருவேன். அங்கேதான் அந்த ஃபோரத்தைப் பிடித்தேன்.

பழைய வீடியோ கேம் பைத்தியங்கள் கூடுகிற இடம். திருச்சூர்க்காரன், துபாய்க்காரன், சென்னைக்காரன் என்று நூறு நூற்றைம்பது பேர். பாதி ஆங்கிலம், பாதி இங்கிலீஷ் எழுத்தில் மலையாளம். எந்த கேமில் எந்தச் சுவருக்குப் பின்னால் எக்ஸ்ட்ரா உயிர் ஒளிந்திருக்கிறது, எந்த கேட்ரிட்ஜை எப்படித் துடைப்பது என்று ஒரு பக்கம். ‘சும்மா பேச்சு’ என்று இன்னொரு பக்கம். அதில் இன்றைக்கு மழை, இன்றைக்கு மீன்கறி, மேனேஜர் கத்தினான், பைக் பஞ்சர் என்று ஊர்க்கதை. நான் வாழைப்பழ பஜ்ஜியின் பெயரை, ‘பழம்பொரி’ என்று வைத்துக்கொண்டு நுழைந்தேன். பையன் என்று நினைத்து எல்லாரும் ‘டா’ போட்டார்கள். நானும் திருத்தவில்லை.

அங்கே ஒருவர் இருந்தார். ஃபோரத்தைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவருடையது. சாந்தம் என்றால் அப்படி ஒரு சாந்தம். யாராவது கெட்ட வார்த்தை எழுதினால் நீக்கிவிட்டு, தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொல்வார். பழைய மெஷின் செத்துப்போச்சென்று ஒருத்தன் புலம்பினால் மூன்று பத்தி ஆறுதல் எழுதுவார். எனக்கு ஒருநாள் வயிற்று வலி. என்ன வலியென்று சொல்லாமல் ‘வயிறு சரியில்லை’ என்று மட்டும் எழுதினேன். வெந்நீர்ப் பை வை, வெறும் வயிற்றில் சாயா குடிக்காதே என்றார். மறுநாளும் ‘வயிறு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டார். எங்கள் வீட்டில் என்னை யாரும் எதையும் இரண்டு தடவை கேட்டதில்லை.

ரிப்பேர் பகுதிக்கு ஒரு விதி இருந்தது, அதுவும் அவர் போட்டதுதான். உடைந்த பொருளைத் துடைக்காமல், எதையும் தொடாமல், அப்படியே படம் எடுத்துப் போட வேண்டும். துடைத்துவிட்டால் எங்கே அடிபட்டது, எப்படி அடிபட்டது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர் வாதம். மீறியவர்களின் படத்தைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் நீக்குவார்.

மூன்று மாதம் பழகிய பிறகு, கோபத்தில் கண்ட்ரோலரைத் தரையில் எறிந்த ஒருவனுக்கு அவர் எழுதியதைப் படித்தேன். இங்கிலீஷ் எழுத்தில் மலையாளம்: "பதுக்கெ மோனே, அதினு வேதனிக்கும்."

அது அத்தானின் வாடிக்கைப் பேச்சு. பழைய பதிவுகளைத் தோண்டினேன். கோடவுன், மிளகுத் தூசி, கைக்குப் பவுடர், எல்லாம் இருந்தது. என் அத்தானேதான். ஒரே ஊரில் இருந்துகொண்டு, கடலைச் சுற்றி வந்து அவரோடு சிநேகம் பிடித்திருக்கிறேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் அது ஒரு கண்ணாமூச்சி போல வேடிக்கையாக இருந்தது. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. இவர் வேறு, மாடியில் அக்காவை அடிக்கிறவர் வேறு என்று வைத்துக்கொண்டேன். அடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். தோளில் கன்றியதைத் தெரியும், பின்கழுத்தில் சூடு பட்டதைத் தெரியும். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு படிக்கட்டையோ ஒரு இஸ்திரிப் பெட்டியையோ காரணம் சொல்வாள், நாங்கள் நம்புவது போல இருப்போம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் படகிறங்கி வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் துண்டு சுற்றியிருந்தது. துண்டை அவிழ்த்தபோது கை தன் போக்கில் வேறு பக்கம் தொங்கியது.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்," என்றாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டுப் போட்டு, எக்ஸ்ரே பிலிமை ஒரு காகித உறையில் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே அப்பா முடிவு சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழம மாப்ள வந்து கூட்டிட்டுப் போவாரு. ரெண்டு நாள் நம்ம வீட்ல இருந்துக்க."

வீட்டில் அக்காவைத் தனியாகப் பிடித்து உலுக்கினேன். "எந்த பாத்ரூம்க்கா? சொல்லித் தொலையேன்."

"மெல்லப் பேசு. அடுத்த மாசம் ஒன்னயப் பாக்க வராங்கல்ல. அக்காகாரி புருஷன விட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கான்னு தெரிஞ்சா வருவாங்களா? போயிடறேன். எனக்குப் பழகிப் போச்சு."

எனக்காக அவள் திரும்பிப் போகிறாள். கை முறிந்தவள் எனக்கு வரன் பார்க்கிறாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஃபோரத்தைத் திறந்தேன். ரிப்பேர் பகுதியில் அவர் பெயரில் ஒரு பதிவு. தலைப்பில் ‘மனசு உடைந்துவிட்டது’ என்று இருந்தது. புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம். அவருடைய முதல் மெஷினின் ஜாய்ஸ்டிக், பிடித்து ஆட்டும் கைப்பிடிப் பெட்டி, கனத்த இரும்பு அடிப்பாகம் வைத்தது. அதை அவர் யாரையும் தொட விட்டதில்லை. மேல்மூடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. விதிப்படி துடைக்கவில்லை, எதையும் தொடவில்லை. விரிசலுக்குள் நீலமாக ஒரு துண்டு செருகிக்கொண்டிருந்தது. நீலத்தில் பொன் புள்ளி. என் முதல் சம்பளத்தில் எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையல்.

கீழே முப்பது நாற்பது பேர் துக்கம் விசாரித்திருந்தார்கள். எந்தப் பசை நல்லது, எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று ஆளாளுக்கு யோசனை. துபாய்க்காரன் ஒருத்தன் மட்டும் ‘அது என்ன நீலமாக?’ என்று கேட்டிருந்தான். அவர் பதில் எழுதியிருந்தார்: ‘வளையல் துண்டு. அது பிரச்சினை இல்லை, எடுத்துவிடலாம்.’

நான் அந்தப் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்காவின் முன்னால் வைத்தேன். அப்போதுதான் அவள் நடந்ததைச் சொன்னாள். துடைத்த ஜாய்ஸ்டிக்கை வெயிலில் காய வைத்துவிட்டு அவர் கடைக்குள் போயிருக்கிறார். திடீரென்று மழை. அக்கா முதலில் துணிகளை எடுத்தாள், அதற்குள் ஜாய்ஸ்டிக்கில் நாலு சொட்டு விழுந்துவிட்டது. அதையே தூக்கி அடித்திருக்கிறார். முகத்தை மறைக்கத் தூக்கிய கையில் விழுந்தது. இரண்டாவது அடியும் அதே கையில். ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு மெஷின் சாமானை வலிக்க வைத்தது அன்று ஒருநாள்தான்.

அப்பா கண்ணாடி போட்டுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வளையல் துண்டு எங்க வேணா விழும். ஞாயித்துக்கிழம வரட்டும், கேப்போம்," என்றார். கேட்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை. அம்மா அவருக்குச் சாயா போட உள்ளே போனாள். அவர் பையிலிருந்து துண்டில் பொதிந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்து நடுக்கூடத்துத் தரையில் வைத்தார்.

"பாருங்க மாமா. ஒட்டு தெரியுதா?"

தெரியவில்லை. பார்த்தால் புதுசு.

அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "சரியாயிடுச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. கெளம்பு."

மன்னித்துவிட்டார்! அப்பா தொண்டையைக் கனைத்தார். நான் பிரிண்டை எடுத்து ஜாய்ஸ்டிக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது நான் ஃபோரத்துல போட்டதாச்சே. ஒனக்கு எப்பிடி?"

"நான்தான் பழம்பொரி."

அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நிஜமான சந்தோஷம். வெகுநாள் தேடிய சிநேகிதன் எதிரே வந்து நின்றால் வருகிற சந்தோஷம். "பழம்பொரியா? நீயா? அட! அன்னைக்கு வயித்து வலின்னு எழுதினியே, இப்ப பரவால்லயா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. படத்தில் நீலத் துண்டின் மேல் விரலை வைத்தேன். "இது யாருது அத்தான்?"

"அத எடுத்துட்டேனே," என்றார். "பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு எடுத்தேன். ஒரு கீறல் விழல."

அக்கா எழுந்து அடுக்களைக்குள் போனாள். திரும்பி வந்தபோது இடது கையில், அம்மா சாயாவுக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழவி இருந்தது. குனிந்தாள். முதல் அடியில் மேல்மூடி தெறித்தது.

"அய்யோ! மெல்லடி! அதுக்கு வலிக்கும்!"

அந்த மாதிரி ஒரு அலறலை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. இரண்டாவது அடியில் தண்டு முறிந்தது. அவர் முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது அடி அவர் விரல்கள் மேல் விழுந்தது. நடுவிரல் நகம் பிளந்து பவுடர் போட்ட கையெல்லாம் ரத்தம். அவர் விரலைப் பார்க்கவே இல்லை. விரலை விலக்கி, அடியில் இருந்ததற்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். பிறகு வேட்டி நுனியால் அதன் மேல் சொட்டிய ரத்தத்தைத் துடைத்தார். அக்கா குழவியை ஓங்கியபடியே நின்றாள், நான்காவது அடி அடிக்கவில்லை.

அவர் தரையில் தவழ்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் துண்டில் வைத்தார். அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்: "ஒரு ஸ்பிரிங் அலமாரிக்கு அடியில போயிருக்கு. கொஞ்சம் எடுத்துக் குடு."

நான் குனிந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பழக்கதோஷத்தில் குனிந்து அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன்.

"எந்திரிடீ!" அப்பாவின் சத்தத்தில் அம்மா கையிலிருந்த சாயா டம்ளர் விழுந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்துக்கொண்டிருந்தார், சற்று நேரமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்தார். "எம் மக கைய ஒரு தடவ கேக்கலியேய்யா நீ. எப்பிடி இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கலியே. போ. எறங்கிப் போ."

அவர் போனார். ஸ்பிரிங் இல்லாமல்தான் போனார்.

திங்கட்கிழமை எக்ஸ்ரே பிலிமை ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, ஆபீஸ் கேமராவில் படம் எடுத்தேன். முறிந்த இரண்டு இடமும் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஃபோரத்தின் ரிப்பேர் பகுதியில் போட்டேன். விதிப்படி துடைக்கவில்லை, எதையும் தொடவில்லை. யார் உடைத்தது, எதனால் உடைத்தது என்று மட்டும் கீழே எழுதினேன். பத்து நிமிஷம் இருந்தது. அதற்குள் ஒருத்தன் ‘இது எந்த மாடல் டா?’ என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். மறுபடி திறந்தபோது பதிவு இல்லை. அந்த இடத்தில் பொறுப்பாளர் குறிப்பு ஒரு வரி மட்டும் இருந்தது, அவருக்கே உரிய அந்தச் சாந்தத்தோடு: ‘நீக்கப்பட்டது. இது மெஷின் அல்ல. இந்தப் பகுதி மெஷின்களுக்கு மட்டும்.’

என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் அடுத்த மாதம் வரவில்லை. பதிவு நீக்கப்பட்ட அன்றே சாயங்காலம் அந்த ஒரு வரியைப் பிரிண்ட் எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் இடது கையால் வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். ஒன்பது வருஷமாக அவள் வாயில் ‘அவரு’ தவிர வேறு வந்ததில்லை.

"சரியாத்தான எழுதியிருக்கான்," என்றாள். "மெஷினா இருந்திருந்தா அடிச்சிருக்க மாட்டான்."